கூடுதல் பரிமாணங்கள் கருவிக்குச் சிக்குமா?

"மூன்றுக்கு மேல் வெளிப் பரிமாணங்கள் இருக்கலாம் என்கிறார்களே, அவற்றை என்றைக்காவது சோதனையில் கண்டுபிடிக்க வழி உண்டா? இல்லை, காகிதத்தில் மட்டும் வாழும் கணக்கா? கண்டுபிடிக்கவே முடியாதென்றால் அதை ஏன் அறிவியல் என்கிறோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே மூச்சில் கேட்டாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அப்படியொரு பரிமாணம் இருந்தால் அது நம் கருவிகளில் ஏதாவது தடயம் விடுமா என்பது ஒன்று. அந்தத் தடயம் நம் கைக்கு எட்டுமா என்பது இன்னொன்று. இல்லவே இல்லை என்று நிரூபிக்க முடியுமா என்பது மூன்றாவது. முதலாவதற்கு என் பதில் "விடும்", ஐயமில்லாமல். மூன்றாவதற்கு "முடியாது", அதுவும் ஐயமில்லாமல். நடுவில் இருப்பதுதான் சிக்கல். அந்தப் பரிமாணம் எவ்வளவு பெரியது, அதற்குள் எவையெல்லாம் நுழைய முடியும் என்பதைப் பொறுத்து அதன் பதில் மாறும். துகள் மோதல் தரவுகளோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சோதனைப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். எல்லாத் துகள்களும் நுண்ணிய இழைகளின் அதிர்வுகளே என்று சொல்லும் ஸ்ட்ரிங் தியரியின் கணிதத்துக்குள் உங்களை அழைத்துப் போகும் தகுதி எனக்கில்லை. இந்தக் கேள்விக்கு அது அவ்வளவு தேவையும் இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கூடுதல் பரிமாணம் என்பது ஆவிகள் உலவும் மறு உலகமல்ல, இணைப் பிரபஞ்சமும் அல்ல. மேல்-கீழ், இடம்-வலம், முன்-பின் என்ற மூன்று திசைகளுக்கும் செங்குத்தாக இன்னொரு திசை, அவ்வளவுதான். 1919-இல் தியோடர் கலூசா என்ற ஜெர்மன் கணிதவியலாளர் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளைக் காலத்தையும் சேர்த்து ஐந்து பரிமாணங்களில் எழுதினால், கூடுதலாகக் கிடைக்கும் பகுதியில் மாக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன என்பது அதன் சாரம். ஐன்ஸ்டைன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் யோசித்துவிட்டு, 1921-இல்தான் அதை வெளியீட்டுக்கு அனுப்பினார். அந்த ஐந்தாவது திசை ஏன் நம் கண்ணில் படவில்லை என்பதற்கு 1926-இல் ஆஸ்கர் க்ளைன் காரணம் சொன்னார். அது சுருண்டு வட்டமாக மூடிக்கொண்டிருக்கிறது; அதில் கிளம்பிய எதுவும் மிக நுண்ணிய தூரத்திலேயே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிடும். எலக்ட்ரானின் மின்னூட்டத்திலிருந்து அவர் கணக்கிட்ட அளவு சுமார் 10⁻³² மீட்டர். பிறகு ஸ்ட்ரிங் தியரி வந்து, கணக்கு முரண்படாமல் இருக்க ஒன்பது வெளிப் பரிமாணங்கள் வேண்டும் என்றது; அதன் விரிவாக்கமான எம்-தியரி பத்து கேட்கிறது. நமக்கு எட்டுவது மூன்று என்றால் மீதி எங்கே என்ற கேள்விக்கு எல்லோரும் க்ளைன் சொன்ன பதிலையே சொல்கிறார்கள்.

இப்படிச் சுருண்ட திசை விடும் தடயம் என்ன? குவாண்டம் இயற்பியலில் துகள் ஒரு அலையும்கூட. சுருண்ட வட்டத்தில் ஓடும் அலை, சுற்றி வரும்போது தன்னோடு தானே பொருந்த வேண்டும். ஆகவே ஒரு சுற்றில் ஒரு அலை, இரண்டு அலை, மூன்று அலை என்று முழு எண்களாக மட்டுமே அது இருக்க முடியும். இரு முனையும் கட்டப்பட்ட தந்தி தன் அடிப்படைச் சுரத்தையும் அதன் மடங்குகளையும் மட்டுமே ஒலிப்பது போலத்தான் இதுவும். அந்த மறைந்த திசையில் துகளுக்கு இருக்கும் ஓட்டம் மூன்று பரிமாணத்தில் நிற்கும் நமக்கு ஓட்டமாகத் தெரியாது. கூடுதல் நிறையாகத் தெரியும். ஆக, நாம் அறிந்த ஒவ்வொரு துகளுக்கும் அதே குணங்களோடு, நிறை மட்டும் படிப்படியாக ஏறும் பிரதிகளின் வரிசை ஒன்று இருக்கும். இதைக் கலூசா–க்ளைன் கோபுரம் என்பார்கள். வட்டம் சிறியதாக இருந்தால் படிகள் உயரமாக இருக்கும். வட்டத்தின் ஆரம் 10⁻¹⁹ மீட்டர் என்றால் முதல் படி சுமார் 2 டெரா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் நாங்கள் அளக்கும் அலகு). துகள்களை முடுக்கி மோதவிடும் இன்றைய மோதுவிகளுக்கு எட்டும் உயரம். க்ளைனின் அளவென்றால் முதல் படியே அதைவிடப் பத்து லட்சம் கோடி மடங்குக்கும் மேல்.

இரண்டாவது தடயம் ஈர்ப்பு விசையில் இருக்கிறது. ஈர்ப்பு ஏன் தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது? ஒரு நிறையிலிருந்து கிளம்பும் விசைக்கோடுகள் மூன்று பரிமாண வெளியில் ஒரு கோளத்தின் பரப்பெங்கும் பரவுகின்றன. அந்தப் பரப்பு ஆரத்தின் இருமடியாக வளர்கிறது. அவ்வளவுதான் காரணம். வெளிக்கு நான்கு பரிமாணம் இருந்தால் விசை தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதமாகும். ஐந்து இருந்தால் நான்மடிக்கு. ஆகவே நியூட்டனின் விதியில் இருக்கும் அந்த "இரண்டு" என்ற எண்ணே நம் வெளியின் பரிமாண எண்ணிக்கையைச் சொல்லும் ஓர் அளவீடு. கூடுதல் திசை சுருண்டதென்றால், அதன் அளவைவிடப் பெரிய தூரங்களில் பழைய விதியே நிற்கும். அதைவிட நெருங்கினால் விசை திடீரென்று வேகமாக ஏறத் தொடங்கும். எல்லாத் தூரங்களுக்கும் நீளும் நான்காவது வெளிப் பரிமாணம் எல்லாவற்றுக்கும் திறந்திருக்க வழியே இல்லை என்பதை 1917-இலேயே பால் எரன்ஃபெஸ்ட் காட்டிவிட்டார். அப்படி ஒன்று இருந்தால் கோள்களுக்கு நிலையான சுற்றுப்பாதை இருக்காது. சற்றே அசைந்தாலும் சூரியனில் விழும், இல்லையென்றால் விலகி ஓடிவிடும். இது உறுதியான பகுதி. இதில் யாரும் சண்டை போடுவதில்லை.

அடுத்து நான் மேலே சொன்ன, "எவையெல்லாம் நுழைய முடியும்" என்ற விஷயம். எலக்ட்ரான், குவார்க், ஃபோட்டான் உட்பட எல்லாத் துகள்களும் அந்தத் திசைக்குள் போக முடியும் என்றால், அவற்றின் கனத்த பிரதிகளை மோதுவிகள் இதற்குள் உருவாக்கியிருக்க வேண்டும். உருவாக்கவில்லை. ஆகவே அந்த வகைப் பரிமாணம் சுமார் 10⁻¹⁹ மீட்டருக்கு மேல் இருக்க முடியாது. ஆனால் ஈர்ப்பு மட்டும் போக முடியும், மற்றவை எல்லாம் பிரேன் எனப்படும் மூன்று பரிமாணப் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றால்? 1998-இல் நிமா அர்கானி-ஹமேத், சவாஸ் டிமோபூலோஸ், ஜியா த்வாலி ஆகிய மூவரும் கேட்டது இதைத்தான். அன்றைக்கு ஈர்ப்பு விதியை ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே யாரும் சரியாக அளந்து பார்த்திருக்கவில்லை என்பதை அவர்கள் கவனித்தார்கள். இரு புரோட்டான்களுக்கு இடையில் ஈர்ப்பு விசை மின்விசையைவிட 10³⁶ மடங்கு நலிந்தது. அந்த நலிவுக்கே காரணம் ஈர்ப்பு கூடுதல் திசைகளில் கசிந்து நீர்த்துப்போவதுதான் என்றால், அந்தத் திசைகளின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு கூடுதல் பரிமாணம் மட்டுமென்றால் அதன் அளவு சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தூரத்தை ஒட்டி வரும், உடனே தள்ளிவிடலாம். இரண்டு என்றால் மில்லிமீட்டர் அளவு. மூன்று என்றால் நானோமீட்டர். ஆறு என்றால் அணுக்கருவின் அளவு. இரண்டுக்கு வந்த விடைதான் எல்லோரையும் நாற்காலி நுனிக்கு இழுத்தது. மேசைமேல் வைக்கும் கருவியால் இன்னொரு பரிமாணத்தைத் தொட முடியலாம் என்று கணக்குப் போட்டு ஒருவர் சொன்னது அதுதான் முதல்முறை.

அதன் பிறகு நடந்த சோதனைகளில் எனக்கு மிகப் பிடித்தது, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஈட்-வாஷ் குழு செய்வது. 1798-இல் கேவண்டிஷ் பயன்படுத்திய அதே முறுக்குத் தராசுதான், ஆனால் நம்ப முடியாத அளவுக்கு நுணுக்கப்பட்டது. மெல்லிய இழையில் ஒரு தட்டு தொங்குகிறது. அதற்கு நேர்கீழே இன்னொரு தட்டு மெதுவாகச் சுழல்கிறது. இரண்டிலும் ஒரே சீரான அமைப்பில் உலோகம் இருக்கும் இடமும் இல்லாத இடமும் மாறி மாறி வரும். கீழ்த்தட்டு சுழலும்போது மேல்தட்டின் மீது ஈர்ப்பு விசை அந்த அமைப்பின் தாளத்தில் ஏறி இறங்கும். இழை அதே தாளத்தில் முறுக்கிக்கொள்ளும். மற்ற அதிர்வுகளெல்லாம் வேறு தாளங்களில் வருவதால் அவற்றைப் பிரித்தெடுத்துவிடலாம். இரண்டு தட்டுகளுக்கும் நடுவே இறுக்கிக் கட்டிய உலோகத் தாள் ஒன்று மின்விசைகளைத் தடுக்கும். 2020-இல் வெளியான அவர்களுடைய அளவீட்டில் ஒரே சுழல் தட்டில், ஒரு சுற்றுக்கு 18 முறை திரும்ப வருவது, 120 முறை திரும்ப வருவது என்று இரண்டு சமச்சீர் அமைப்புகள் இருந்தன. தட்டுகளின் இடைவெளி 52 மைக்ரான் வரை குறைந்தது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நியூட்டனின் விதி பிசகவில்லை. தனியாக ஒரு பெரிய கூடுதல் பரிமாணம் இருந்தால் அதன் ஆரம் சுமார் 30 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் வரம்பு.

இன்னும் நெருங்கினால் என்ன என்று தோன்றும். நெருங்க நெருங்கத் தொல்லைதான் பெருகும். உலோகப் பரப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் மின்னழுத்தம் மிக லேசாக மாறும். அந்தத் திட்டுகள் உண்டாக்கும் விசை ஈர்ப்பை விழுங்கிவிடும். அதற்கும் கீழே போனால் கசிமிர் விசை காத்திருக்கிறது. வெற்றிடத்தின் குவாண்டம் துடிப்பால் இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று இழுப்பது அது. இடைவெளி பாதியானால் பதினாறு மடங்கு ஏறும். ஒரு தூசித் துகள் நடுவே மாட்டிக்கொண்டால் மாதக்கணக்கான வேலை போச்சு. ஆகவே ஒரு மைக்ரானுக்குக் கீழே இன்று நாம் வைத்திருக்கும் வரம்புகள், "ஈர்ப்பைவிடக் கோடிக்கணக்கான மடங்கு வலிய புதுவிசை இல்லை" என்று சொல்லும் அளவுக்குத்தான் இருக்கின்றன. ஈர்ப்பையே அங்கே இதுவரை யாரும் அளந்ததில்லை. இதைக் கேட்டுப் பலர் வியப்பார்கள்: நமக்கு மிகப் பழக்கமான விசை, ஒரு நுண்ணுயிரியின் நீளத்துக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்பது நேரடியாகச் சோதிக்கப்படாத விஷயம்.

மோதுவிகளின் வழி வேறு. ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் உள்ள எல்.ஹெச்.சி. என்ற மாபெரும் மோதுவியில் இரு புரோட்டான்கள் மோதும்போது, ஈர்ப்பைச் சுமப்பதாகக் கருதப்படும் கிராவிட்டான் என்ற துகள் ஒன்று பிறந்து கூடுதல் திசைக்குள் நழுவினால், நமக்குத் தெரிவது ஒரு பக்கமாகப் பீய்ச்சியடிக்கும் துகள் கற்றை மட்டும், மறுபக்கம் வெறுமை. உந்தக் கணக்கு ஒத்துப்போகாது. கேட்பதற்குக் கச்சிதமான அடையாளமாக இருக்கும். ஆனால் இசட் துகள் ஒன்று நியூட்ரினோக்களாகச் சிதைந்தாலும் இதே காட்சிதான். நியூட்ரினோவும் கருவிக்குத் தெரியாமல் போய்விடும். ஆகவே ஒற்றை நிகழ்வைக் காட்டி "இதோ பரிமாணம்" என்று யாரும் சொல்ல முடியாது. எத்தனை வர வேண்டும், எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணி, மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிச்சம் இல்லை. எல்.ஹெச்.சி.யின் கருவிகளில் ஒன்றான அட்லஸை இயக்கும் குழு 2021-இல் வெளியிட்ட முடிவின்படி, ஈர்ப்பு உண்மையில் வலுப்பெறும் ஆற்றல், இரண்டு கூடுதல் பரிமாணங்கள் என்றால் சுமார் 11 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல், ஆறு என்றால் சுமார் 6-க்கு மேல் இருக்க வேண்டும். அந்த இரண்டும் சம அளவென்றால் இது சில மைக்ரான் வரம்புக்குச் சமம். அதாவது அந்தக் குறிப்பிட்ட மாதிரிக்கு மோதுவி மேசைச் சோதனையை முந்திவிட்டது. நுண் கருந்துளைகள் தோன்றி நொடியில் ஆவியாகும் என்ற எதிர்பார்ப்பும் 2008-இல் அதையொட்டிக் கிளம்பிய பீதியும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அவையும் தோன்றவில்லை.

தோன்றியது போல் ஒன்று வந்து போனது உண்டு. 2015 டிசம்பரில் அட்லஸ், சி.எம்.எஸ். ஆகிய இரு குழுக்களும் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து வரும் நிகழ்வுகளில், 750 கிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு சிறு மேட்டைக் காட்டின. இரண்டு வெவ்வேறு கருவிகள், ஒரே இடம். லிசா ராண்டல், ராமன் சுந்தரம் இருவரும் 1999-இல் முன்வைத்த வளைந்த பரிமாண மாதிரியில் கிராவிட்டானின் முதல் பிரதி இப்படித்தான் இரு ஃபோட்டான்களாகச் சிதையும் என்பதால், அந்தப் பக்கமும் ஆசை முளைத்தது. எட்டு மாதத்துக்குள் சில நூறு கட்டுரைகள். 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேடு கரைந்துபோனது. இதில் யார் மீதும் குற்றமில்லை. ஆயிரம் இடங்களில் தேடினால் ஓரிரு இடங்களில் தற்செயலாக மேடு தட்டத்தான் செய்யும். அதனால்தான் எங்கள் துறையில் தற்செயலாக அப்படி வரும் வாய்ப்பு முப்பத்தைந்து லட்சத்தில் ஒன்றுக்குக் கீழே இறங்கும்வரை "கண்டுபிடிப்பு" என்ற சொல்லை வாயில் வைப்பதில்லை.

விண்மீன்களும் நமக்காகச் சோதனை செய்கின்றன. 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த சூப்பர்நோவாவிலிருந்து வந்த நியூட்ரினோக்களில் சுமார் இரண்டு டஜன், ஜப்பானின் கமியோகண்டே உள்ளிட்ட மூன்று கருவிகளில், சுமார் பத்து நொடிகளில் பதிவாயின. வெடித்த விண்மீனின் உட்கரு எவ்வளவு நேரத்தில் குளிர்ந்தது என்பதன் நேரடிப் பதிவு அது. கிராவிட்டான்கள் கூடுதல் திசைகள் வழியே வெப்பத்தை அள்ளிக்கொண்டு போயிருந்தால் அந்தப் பத்து நொடி இன்னும் குறுகியிருக்கும். குறுகவில்லை. இரண்டு பரிமாண மாதிரிக்கு இது ஒரு மைக்ரானுக்குக் கீழான வரம்பைத் தருகிறது. நியூட்ரான் விண்மீன்கள் எதிர்பார்ப்பைவிடச் சூடாக இல்லை என்பதைக் கொண்டு போட்ட கணக்கு அதையும் ஆயிரம் மடங்குக்கு மேல் இறுக்குகிறது. ஆனால் இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். உட்கருவின் வெப்பநிலை, கிராவிட்டான்கள் எப்படிச் சிதையும் என்ற ஊகம், எல்லாப் பரிமாணங்களும் ஒரே அளவு என்ற எளிமைப்படுத்தல் ஆகியவற்றின் மேல்தான் இந்த எண்கள் நிற்கின்றன. முறுக்குத் தராசின் 30 மைக்ரானை நான் நம்பும் அளவுக்கு இவற்றை நம்பமாட்டேன், தள்ளிவிடவும் மாட்டேன்.

ஈர்ப்பு அலைகளைப் பற்றியும் கேட்பீர்கள். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்ததில் ஈர்ப்பு அலையும், 1.7 நொடி கழித்துக் காமாக் கதிரும் வந்து சேர்ந்தன. ஒளியைக் கொண்டு அந்த விண்மீன் மண்டலம் சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பது தெரிந்தது. ஈர்ப்பு அலை வழியில் வேறு பரிமாணத்துக்குள் கசிந்திருந்தால், அந்தத் தொலைவுக்கு எதிர்பார்த்ததைவிட நலிந்து வந்திருக்கும். அப்படி நலியவில்லை, காலத்தையும் சேர்த்து நான்கு பரிமாணங்கள்தான் என்று கணக்கு வந்தது. அழகான சோதனை. ஆனால் செய்தித்தாள்கள் "கூடுதல் பரிமாணங்கள் இல்லை" என்று தலைப்பிட்டது தவறு. பிரபஞ்ச அளவிலான தூரங்களில் ஈர்ப்பு கசியும் மாதிரிகளை மட்டுமே இது தொடும். சுருண்டு கிடக்கும் நுண்ணிய பரிமாணங்களைப் பற்றி அந்த அலைக்கு எதுவும் தெரியாது. இதற்கு நேர்மாறான செய்திப் பிழையும் நடந்தது. 2018 தொடக்கத்தில் நான்கு பரிமாண குவாண்டம் ஹால் விளைவை ஆய்வகத்தில் உருவாக்கியதாக இரண்டு குழுக்கள் அறிவித்தபோது "நான்காவது பரிமாணம் கண்டுபிடிப்பு" என்று எழுதினார்கள். அங்கே நடந்தது, இரண்டு பரிமாணக் கருவியில் வேறு இரண்டு அளவுருக்களை மாற்றி, நான்கு பரிமாணக் கணிதத்தை நடித்துக் காட்டியது. நல்ல இயற்பியல்தான், ஆனால் புதிய திசை எதுவும் திறக்கவில்லை.

மறைமுக வழி ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுருண்ட பரிமாணங்களின் அளவு காலப்போக்கில் மாறினால், ஈர்ப்பு மாறிலி, மின்விசையின் வலிமை போன்ற நம் அடிப்படை எண்களும் கூடவே மாற வேண்டும். நிலவின் மீது வைத்த கண்ணாடிகளில் லேசரைப் பட்டுத் திரும்பச் செய்து தூரம் அளப்பது, ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் ஓக்லோவில் சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் இயற்கையாகவே இயங்கிய அணு உலையின் எச்சங்கள் ஆகிய இரண்டும், அந்த எண்கள் அசையவில்லை என்கின்றன. ஆக, பரிமாணங்கள் இருந்தால் அவை இறுகப் பூட்டிக்கிடக்கின்றன.

இனி எனக்கு உண்மையிலேயே சுவாரசியமான பகுதி. நாளைக்கே எல்.ஹெச்.சி.யில், கிராவிட்டானுக்கு இருக்க வேண்டிய தற்சுழற்சி 2 கொண்ட புதிய கனத்த துகள் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கூடுதல் பரிமாணத்தின் தடயம் என்று நான் ஒப்புக்கொள்வேனா? மாட்டேன். ஒரு துகள் என்பது ஒரு துகள்தான். இரண்டாவது படியும் மூன்றாவது படியும் வேண்டும். அவற்றின் இடைவெளிகள் ஏதாவதொரு வடிவத்துக்குப் பொருந்த வேண்டும். வட்டத்துக்கு ஒரு வகை இடைவெளி, கோளத்துக்கு வேறு வகை, ராண்டல்–சுந்தரம் போன்ற வளைந்த வெளிக்கு இன்னொரு வகை. எல்லாப் படிகளும் எல்லாத் துகள்களோடும் ஈர்ப்பைப் போலவே பாகுபாடின்றி ஊடாட வேண்டும். இப்படிப் பார்த்தால், படிகளின் வரிசையிலிருந்து நாம் காணவே முடியாத ஒரு வெளியின் வடிவத்தையே வரைந்துவிடலாம். ஒரு மோதுவியும் ஒரு முறுக்குத் தராசும் ஒரே அளவைச் சுட்டினால், அதற்கு மேல் பிடிவாதம் பிடிக்க எனக்கு மனம் வராது.

ஆனால் பிடிவாதம் பிடிக்கக் கோட்பாட்டாளர்களுக்கு நல்ல காரணம் உண்டு. 2001-இல் அர்கானி-ஹமேத், கோஹன், ஜார்ஜை ஆகியோர், கூடுதல் பரிமாணமே இல்லாத ஒரு கோட்பாட்டில் பல விசைகளைச் சங்கிலியாகக் கோத்தால், ஒரு குறிப்பிட்ட ஆற்றல் வரை அது கூடுதல் பரிமாணம் இருப்பது போலவே நடந்துகொள்ளும் என்று காட்டினார்கள். அதே துகள் வரிசை, அதே படிகள். 1997-இல் ஹுவான் மால்தசேனா முன்வைத்த இணைமை இன்னும் ஆழமானது: வளைந்த வெளியில் நடக்கும் ஈர்ப்பும், ஒரு பரிமாணம் குறைந்த எல்லையில் ஈர்ப்பே இல்லாமல் நடக்கும் வலுவான விசையும் ஒரே இயற்பியலின் இரண்டு எழுத்து வடிவங்கள். அப்படியானால் வளைந்த பரிமாணத்தைக் கண்டேன் என்று ஒருவரும், நுண்துகள்களால் ஆன புதிய கூட்டுத் துகள்களைக் கண்டேன் என்று இன்னொருவரும் ஒரே தரவை வைத்துச் சொல்லலாம். இருவரும் சரியாக இருக்கலாம். இந்த இணைமை கணித அளவில் முழுமையாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் செய்து பார்த்த சரிபார்ப்புகளில் அது தோற்றதில்லை. ஆகவே "கண்டுபிடிக்க முடியுமா" என்ற கேள்விக்கு என் சொந்தக் கருத்து இது: கண்டுபிடிக்கக்கூடியது படிவரிசையையும் விசை விதியின் பிசகையும்தான். அதைப் பரிமாணம் என்று அழைப்பது, எந்த விவரிப்பு மிகச் சிக்கனமாக எல்லாவற்றையும் சொல்கிறது என்பதைப் பார்த்து எடுக்கும் முடிவு. எலக்ட்ரானை நம்புவதும் அப்படி எடுத்த முடிவுதான் என்பதால் இது எனக்கு உறுத்தவில்லை.

அந்தப் பரிமாணங்கள் 10⁻³⁵ மீட்டர் என்ற பிளாங்க் நீளத்தை ஒட்டியிருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. எல்.ஹெச்.சி.யின் சுற்றளவு 27 கிலோமீட்டர். மோதல் ஆற்றல் 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட். அந்த நீளத்தைத் துழாவத் தேவையான பிளாங்க் ஆற்றலை அதே காந்தங்களை வைத்து எட்ட வேண்டுமானால் வளையத்தின் சுற்றளவு சுமார் 2,500 ஒளியாண்டு வரும். துகள் வளையும்போது கதிர்வீச்சாக இழக்கும் ஆற்றலைக் கணக்கில் எடுக்காமலேயே இவ்வளவு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் மிக வலியது 1991-இல் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவானது, 3×10²⁰ எலக்ட்ரான் வோல்ட். கேட்கப் பிரம்மாண்டம், ஆனால் அது நின்றுகொண்டிருக்கும் அணுக்கருவில் மோதும்போது பயன்படும் ஆற்றல் சில நூறு டெரா எலக்ட்ரான் வோல்ட்தான். எஞ்சுவது பிரபஞ்சத்தின் முதல் கணம் மட்டும். அப்போது எழுந்த அலைகளில் அந்தப் பரிமாணங்களின் சுவடு பதிந்திருக்கலாம் என்ற நம்பிக்கை சிலருக்கு உண்டு. எனக்கு அது மங்கலான நம்பிக்கையாகவே படுகிறது, ஏனென்றால் அதே சுவட்டை வேறு பத்து காரணங்களாலும் விளக்க முடியும்.

இப்போது "இது அறிவியலா" என்பதற்கு வரலாம். "எங்கோ, ஏதோ அளவில் கூடுதல் பரிமாணங்கள் உள்ளன" என்ற பொதுக் கூற்றை எந்தச் சோதனையாலும் பொய்யாக்க முடியாது. எவ்வளவு தேடினாலும், அதைவிடச் சிறியதாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்த வடிவில் அது அறிவியல் கருதுகோள் அல்ல என்று நீங்கள் சொன்னால் நான் வாதாட மாட்டேன். ஆனால் "இரண்டு பரிமாணங்கள், மில்லிமீட்டர் அளவு, ஈர்ப்பு மட்டும் நுழையும்" என்பது கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற கருதுகோள். வெட்டும் பட்டது. 1998-இல் அது பிறந்தபோது இருந்த வடிவத்தில் இன்று அதை யாரும் தாங்கிப் பிடிப்பதில்லை. வளைந்த பரிமாண மாதிரியும் எல்.ஹெச்.சி. தரவால் நெருக்கப்பட்டு, தான் விளக்க வந்த ஈர்ப்பின் நலிவை இயல்பாக விளக்கும் இடத்திலிருந்து மேலும் மேலும் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. மோதுவியில் நம் காலத்திலேயே பரிமாணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. என்னிடமும் குறைந்திருக்கிறது.

ஆனால் தேடல் ஓய்ந்துவிடவில்லை. 2022-இல் மிகல் மொன்டேரோ, கும்ருன் வாஃபா, ஐரீன் வலென்சுவேலா மூவரும் "இருண்ட பரிமாணம்" என்ற யோசனையை வைத்தார்கள். பிரபஞ்ச விரிவை முடுக்கும் இருண்ட ஆற்றல் ஏன் இவ்வளவு சிறியது என்பதில் தொடங்கி, ஸ்ட்ரிங் தியரியிலிருந்து எழுந்த சில ஊகங்களைச் சேர்த்து, மைக்ரான் அளவில் ஒரே ஒரு கூடுதல் பரிமாணம் இருக்க வேண்டும் என்கிறார்கள், தோராயமாக 0.1 முதல் 10 மைக்ரான். ஒரே பரிமாணம் என்பதால் சூப்பர்நோவா வரம்புகள் இதை அவ்வளவாகத் தொடுவதில்லை. மோதுவிகளுக்கும் இது எட்டாது, ஏனென்றால் இங்கே ஈர்ப்பு வலுப்பெறும் ஆற்றல் அவற்றின் ஆற்றலைவிடச் சுமார் லட்சம் மடங்கு மேலே இருக்கிறது. அதன் கிராவிட்டான் பிரதிகளே இருண்ட பொருளாக இருக்கலாம் என்பது கூடுதல் கவர்ச்சி. அடித்தள ஊகங்கள் எதுவும் நிரூபிக்கப்பட்டவை அல்ல, ஆகவே இதை உண்மையென்று நான் பந்தயம் கட்டப்போவதில்லை. ஆனால் அது எண்ணைச் சொல்கிறது, அந்த எண் சோதிக்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. ஈட்-வாஷ் தராசு நிற்கும் 30 மைக்ரானிலிருந்து பத்துக்கு இறங்க மூன்று மடங்கு வேண்டும். அங்கிருந்து ஒன்றுக்கு இறங்க மேலும் பத்து மடங்கு. கசிமிர் விசையையும் மின்னழுத்தத் திட்டுகளையும் தாண்டி ஈர்ப்பின் அளவுக்கே உணரும் கருவி வேண்டும். லேசரால் மிதக்கவிடப்படும் நுண்கோளங்கள், நுண்ணிய வளைதகடுகள் என்று சில வழிகளில் முயல்கிறார்கள். எத்தனை ஆண்டாகும் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் அங்கே தடையாக நிற்பது கருவியின் நுணுக்கம் மட்டுமே. 2,500 ஒளியாண்டு வளையம் யாரும் கட்ட வேண்டியதில்லை.